அப்பாவின் தபால் பெட்டிக்கு வந்த கடிதம்

பஹ்ரைனில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி ஒரு யூதப் பெண். இதை எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் "பஹ்ரைனில் யூதர்களா?" என்று அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இருந்தார்கள். ஒரு சில குடும்பங்கள். பல தலைமுறைக்கு முன் பாக்தாத்திலிருந்து வந்து, மனாமா கடைத்தெருவில் துணிக்கடை வைத்து, அரபு பேசி, அந்த ஊர்க்காரர்களாகவே வாழ்ந்தவர்கள். ஆனால் நான் எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல. அவளுக்கு நான் செய்த ஒன்றைப் பற்றி. இத்தனை வருடத்தில் மூன்று பேருக்கு மட்டும்தான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். மூன்று பேரிடமும் தலைநிமிர்ந்து சொல்ல முடிந்ததில்லை.

அப்பா எழுபதுகளின் கடைசியிலேயே மனாமாவில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தார். நானும் அம்மாவும் கொழும்பில் வாடகை வீட்டில் இருந்தோம். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் அந்த வீடு எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் இருவரையும் மூன்று நாள் தன் பின்னறையில் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதமே அப்பா எங்களைத் தன்னிடம் எடுப்பித்துவிட்டார். மனாமாவில் குதைபியா என்ற பகுதியில் ஒரு மலையாளியின் பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு அறை. எனக்குப் பதினாலு வயது.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள், உட்கார இடமில்லாமல் வகுப்பின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு மெலிந்த பெண் தன் புத்தகப் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு "இங்க இரு" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள். எங்களுக்குள் எப்போதும் ஆங்கிலம்தான். ஆனால் அவள் பேசியதெல்லாம் என் நினைவில் எங்கள் வீட்டுத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் கேட்டாள். "உங்கட வீட்டை எரிச்சவையாமே?"

"ஓம்."

"எங்கட அப்பான்ர அப்பான்ர கடையையும் ஒருக்கா உடைச்சவை. நான் பிறக்க முதல்."

"பிறகு ஏன் இங்கேயே இருக்கிறீங்கள்?"

அவள் என்னைப் புதிராகப் பார்த்தாள். "இது எங்கட ஊர்தானே?"

அன்றிலிருந்து நான் அவளை விடவில்லை. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். என் ஆங்கிலத்தைத் திருத்தியவள் அவள். அவளுக்கு வேதியியலைத் தலையில் ஏற்றியவள் நான். இடைவேளையில் என் இடியப்பத்தை அவளும் அவளுடைய பேரீச்சம்பழ ரொட்டியை நானும் சாப்பிடுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் இரண்டு மெழுகுதிரி எரிந்தது. அவளுடைய அம்மா மீனும் மஞ்சள் சோறும் வைத்தார். சாப்பாடு முடிந்ததும் அவளுடைய அப்பா மேசையில் மெல்லத் தட்டியபடி ஒரு பாட்டுப் பாடினார். பாதியில் ராகம் நழுவிவிட்டது. மனைவியைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. இருவரும் சிரித்துவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிட்டார்கள். என்னை வழியனுப்பப் படியிறங்கி வந்தபோது அவள் சொன்னாள், "என்ர வயசில எங்கட ஆக்களில இங்க ஒருத்தியும் இல்லை. நாங்கள் பிழையாப் பாடினா, பிழையெண்டு சொல்லுறதுக்கும் ஆளில்லை." அதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னதால் நானும் சிரித்தேன்.

எண்பத்தாறாம் ஆண்டு எங்களுக்குக் கடைசி வகுப்பு. அவளை அமெரிக்காவில் படிக்கவைப்பது என்று அவளுடைய வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. சொந்த ஊரான யாழ்ப்பாணத்தில் போர் நடந்ததால், அங்கே திரும்பிப் போய்ப் படிக்கிற நிலை எனக்கு இல்லை. அம்மாவின் தம்பி, என் மாமா, அமெரிக்காவில் ஒரு நகரத்தில் இருந்தார். அங்கே ஒரு கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தால் தன் வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று எழுதியிருந்தார். அவளும் அதே கல்லூரிக்கு வருவது என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். பேசி வைத்தது என்றால், குளிர்கோட்டு என்ன நிறத்தில் வாங்குவது என்பது வரைக்கும்.

ஒரு நாள் பள்ளி முடிந்து நூலகத்தில் இருந்தோம். அமெரிக்கக் கல்லூரிகள் எல்லாவற்றையும் பட்டியல் போட்ட, தலையணை அளவுப் புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. அவள் கொப்பியில் கோடு போட்டு, கல்லூரியின் பெயர், பாடம், கட்டணம் என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

"அது என்னத்துக்கு?"

"அப்பா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். எங்கட பிள்ளையள் நிறையப் படிக்கிற இடமா இருக்கவேணும் எண்டு. யூத மாணவர் சங்கம் ஒண்டு இருக்கவேணும். வெள்ளிக்கிழமையில சேர்ந்து சாப்பிட ஒரு இடம், எங்கட முறைச் சாப்பாடு, பெருநாளுக்குக் கூட நிக்க ஆக்கள்."

அப்பாவின் நிபந்தனை என்றுதான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த ஆசை அவளுடையது. எனக்கு அது தெரிந்தது. தெரிந்ததும் உள்ளே ஏதோ கசந்தது.

"அங்க நான் இருப்பன்தானே?"

"நீ இருப்பாய். அது வேற, இது வேற."

அவள் அதை ஒரு பாரமும் இல்லாமல், கணக்கில் ஒரு விடையைச் சொல்வது போலச் சொன்னாள். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, அவள் பேசியதில் அந்த "வேற" என்ற சொல்லை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன். மூன்று வருடம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கிறோம். அவளுக்கு நான் போதவில்லை.

அவள் பட்டியலில் கடைசியாக இரண்டு கல்லூரிகள் நின்றன. ஒன்று மாமாவின் நகரத்தில் இருந்தது. மற்றது அங்கிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால். இரண்டுக்கும் கடிதம் எழுத வேண்டும். விண்ணப்பம் அனுப்பச் சொல்ல வேண்டும். யூத மாணவர்களைப் பற்றி விசாரிக்க வேண்டும். பதில் எங்கே வருவது என்பதில்தான் சிக்கல் இருந்தது. அங்கே தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. எல்லோருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி, அதற்கொரு எண். அவர்களுடைய பெட்டி கடையின் பெட்டி. கடையில் வேலை செய்கிறவர்தான் அதைத் திறந்து கடிதங்களைக் கொண்டுவருவார். லெபனானில் இஸ்ரேல் குண்டு போட்டதாகச் செய்தி வரும் நாட்களில் அவளுடைய அப்பா நேரத்தோடு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற காலம் அது. யூதர்களின் ஆறு முனை நட்சத்திரம் போட்ட உறை கடைக்கு வருவதை அவர் விரும்பவில்லை.

"உங்கட அப்பான்ர பெட்டிக்கு வரலாமோ? கேட்டுப் பார்க்கிறியா?"

கேட்டேன். அம்மாவுக்கு உடனே பயம் வந்துவிட்டது. "வேண்டாமப்பா. கஃபீல் அறிஞ்சா என்ன நினைப்பார்? எங்கட விசா அவரின்ர கையில கிடக்குது."

கஃபீல் என்றால் அப்பாவுக்கு வேலைக்குப் பொறுப்பேற்றிருந்த அரபு முதலாளி. அப்பா சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, "ஒரு பிள்ளை படிக்கிறதுக்கு எழுதுற கடிதம். எங்களை மூண்டு நாள் ஒருத்தர் தன்ர வீட்டுக்குள்ள வைச்சிருந்தவர். இது ஒரு பெட்டிதானே? வரட்டும்" என்றார்.

முதலில் மாமாவின் நகரத்திலிருந்து பதில் வந்தது. மெல்லிய உறை, தட்டச்சில் ஒரு பக்கம், கூடவே விண்ணப்பம். யூத மாணவர்கள் மிகச் சிலரே இருக்கிறார்கள், சங்கம் என்று ஒன்றும் இல்லை, பெருநாட்களில் ஊரிலுள்ள குடும்பங்கள் சில நேரம் அழைப்பதுண்டு என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதை மறுநாளே அவளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தாள். "மற்றது வரட்டும்" என்றாள்.

மற்றது மூன்று வாரம் கழித்து வந்தது. அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது கொண்டுவந்தார். தடித்த உறை, மூலையில் நட்சத்திரம். "உன்ர சிநேகிதிக்கு நல்ல பாரமான கடிதம் வந்திருக்குது" என்று என் கையில் வைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிட்டார். அம்மாவும் படுத்துவிட்டார். நான் குசினிக்குள் போய்க் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் உறையைப் பிடித்துத் திறந்தேன்.

உள்ளே விண்ணப்பமும், ஒரு சின்னப் புத்தகமும், இரண்டு படங்களும், கையால் எழுதிய நாலு பக்கக் கடிதமும் இருந்தன. எழுதியவள் அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற ஒரு பெண். 'உன் கடிதத்தை வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினோம். பஹ்ரைனில் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. என் அறையில் ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது. எப்படியாவது வந்துவிடு' என்று எழுதியிருந்தாள். படத்தில் நீண்ட மேசையைச் சுற்றி முப்பது நாற்பது பேர், தோளோடு தோள் நெருக்கி, வாய் திறந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

இதை அவள் பார்த்தால் அதற்குப் பிறகு நான் என்று ஒருத்தி இல்லை என்று தோன்றியது. எனக்கு அப்போது பதினேழு வயது. ஆனால் வயதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அலமாரிக்கு மேலே எங்கள் பயணப் பெட்டிகள் இருந்தன. கடைசிப் பெட்டியைத் திறந்து, அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே உறையை வைத்தேன். நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவள் கேட்டாள். "வந்ததோ?"

"இல்லை."

அதற்கடுத்த நாளும் கேட்டாள். "இல்லை" என்று சொல்வது முதல் நாள்தான் கஷ்டமாக இருந்தது.

அப்பா ஒரு நாள் சவரம் செய்தபடி கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு வந்தது நல்ல செய்தியோ?"

"ஓம் அப்பா. நல்ல செய்திதான்."

அவர் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்துவிட்டு நான் பள்ளிக்குப் போனேன்.

விண்ணப்பத்துக்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று அவளுடைய அப்பா சொன்னாராம். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். விருப்பம் இருந்தால் எழுதியிருப்பார்கள் தானே என்றாளாம். ஆனாலும் மனம் கேட்காமல், இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதி, என் அப்பாவின் அலுவலகத் தபாலோடு சேர்த்துப் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். நான் அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியடியில் நின்று கிழித்தேன். நாலாக, எட்டாக, எழுத்துத் தெரியாத அளவுக்குக் கிழித்தேன். முதல் கடிதத்தை மறைத்தது ஒரு நிமிடப் புத்தி என்று யாராவது என் சார்பில் சொல்ல வரலாம். இதற்கு அப்படிச் சொல்ல ஒருவராலும் முடியாது.

கெடு முடிந்த அன்று அவள் இடைவேளையில் சாப்பிடவில்லை. "எங்கட ஆக்களுக்கே எங்களைத் தெரியேல்லை. அராபியாவில இருந்து எழுதுறாள், இவளெப்பிடி எங்கட ஆளாவாள் எண்டு சிரிச்சுப்போட்டு எறிஞ்சிருப்பினம்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "எறிஞ்சா எறியட்டும். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்" என்றேன். என் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள். எனக்கு இன்றைக்கும் மிகவும் கூச்சமாக இருப்பது அந்த இடம்தான். அவளைக் காயப்படுத்திய கையாலேயே அவளைத் தேற்றினேன். அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

மாமாவின் நகரத்துக் கல்லூரியில் எங்கள் இருவருக்கும் இடம் கிடைத்தது. வேறு இடம் இல்லாததால் அவளுடைய அப்பாவும் தன் நிபந்தனையை விட்டுவிட்டார். அவளுடைய அப்பா என் அப்பாவுக்கு ஒரு சட்டைத் துணி அனுப்பினார், பெட்டியைத் தந்ததற்கு நன்றி என்று. நீலக்கோடு போட்ட நல்ல துணி. அப்பா அதைப் பாகிஸ்தானித் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும், அதாவது வேலை வாரத்தின் முதல் நாளில், போட்டுக்கொண்டு அலுவலகம் போனார்.

அதன் பிறகு எனக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை. நேர்முகத்தில் இருந்தவர் கடுமையானவர் அல்ல. "படிப்பு முடிந்ததும் திரும்பிப் போவாயா?" என்று கேட்டார். "போவேன்" என்றேன். "எங்கே?" என்றார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. எண்பத்தேழு ஆவணியில் அவள் தனியாகப் புறப்பட்டாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் சூழ்ச்சி செய்து எங்கே கொண்டுபோய்விட நினைத்தேனோ அங்கேயே அவளை அனுப்பிவைத்தேன், நான் இல்லாமல்.

என்னை அப்பா மதராஸில் ஒரு கல்லூரியில் சேர்த்தார். ஏன் அந்தக் கல்லூரி என்று கேட்டேன். "அங்க ஹாஸ்டல்ல எங்கட யாழ்ப்பாணப் பிள்ளையள் கனபேர் இருக்கினம். நீ தனிச்சுப் போகமாட்டாய்" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியதுதான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஹாஸ்டலில் அவர் சொன்னபடியே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வார்டனுக்குத் தெரியாமல் புட்டு அவித்துச் சம்பல் இடித்து, எங்கள் பேச்சில் சத்தமாகக் கத்திச் சிரித்துச் சாப்பிடுவோம். அவர்களோடு இருக்கும்போது எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டி இருக்கவில்லை. "அது வேற" என்று அவள் சொன்னது எனக்கு அங்கேதான் விளங்கியது.

அவளுடைய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. முதலில் பனியைப் பற்றி, பாடங்களைப் பற்றி, என் மாமா வீட்டில் சாப்பிட்ட சோற்றைப் பற்றி எழுதினாள். பிறகு ஒன்றில் எழுதியிருந்தாள்: அவர்களுடைய பெரிய விரத நாளன்று தனியாக அறையில் இருந்தாளாம், பொழுது பட்டதும் பஸ் நிலையத்தில் ஒரு பன் வாங்கி நின்றபடியே சாப்பிட்டு விரதம் முடித்தாளாம். 'எங்கட வீட்டில மூண்டு பேராவது இருந்தம்' என்று முடித்திருந்தாள். பிந்திய கடிதங்கள் சுருங்கின. பங்குனிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

எண்பத்தெட்டு கோடை விடுமுறைக்கு பஹ்ரைன் வந்தபோது அலமாரிக்கு மேலிருந்த பெட்டியை இறக்கி உறையை எடுத்தேன். முதலில் அவளுக்கு எழுதத்தான் நினைத்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் கடிதம் நியாயம் கற்பிக்கத் தொடங்கியது. ஆகவே ஒரு காலையில் கடைத்தெருவுக்குப் போய் அவளுடைய அப்பாவின் கடைக்குள் நுழைந்தேன்.

"வா பிந்தி" என்றார். மகளே என்பதற்கு அரபில் அப்படிச் சொல்வார்கள். பள்ளி நாட்களிலிருந்தே என்னை அப்படித்தான் அழைப்பார். இரண்டு பெண்களுக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். அவர்கள் போகும்வரை சுவரோரம் நின்றேன். பிறகு உறையை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே நாலு பக்கத்தையும் வாசித்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது எப்ப வந்தது?"

"ஒண்டரை வருசத்துக்கு முதல், அங்கிள். நான் ஒளிச்சு வைச்சனான். பிறகு அவள் எழுதின ரெண்டாவது கடிதத்தையும் போடாமக் கிழிச்சனான்."

"ஏன்?"

"அவள் என்னோட வரவேணும் எண்டு."

அவர் கடிதத்தை மடித்தார். உறைக்குள் வைத்தார். கோபம் வரும், கத்துவார், வெளியே போ என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பங்குனியில அவள் இந்தக் கல்லூரியைப் போய்ப் பார்த்தவள். அங்க இந்தப் பெட்டையைச் சந்திச்சிருக்கிறாள். 'உனக்கு நாலு பக்கம் எழுதினனே, ஏன் பதில் போடேல்லை?' எண்டு அவள் கேட்டிருக்கிறாள். பிறகு என்ர மகள் எனக்கு ஃபோன் எடுத்து, 'அப்பா, தபால்ல தவறியிருக்கும், என்ன?' எண்டு கேட்டவள். நான் ஓம் எண்டனான். வாற மாசம் அங்க மாறிப் போறாள்." கொஞ்சம் நிறுத்தினார். "இனி நான் அவளுக்கு என்ன சொல்லுறது?"

"நான் எழுதுறன்."

"எழுது." பிறகு, "உன்ர அப்பாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அவருக்கு நான் நன்றி சொன்னனான்" என்றார். அவ்வளவுதான். ஒரு வாடிக்கையாளர் வந்தார். சிநேகிதியின் அப்பா முக்காலியிலிருந்து எழுந்து துணியை எடுத்தார். நான் வெளியே வந்தேன்.

அன்று மத்தியானம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்னேன். அம்மா, "உனக்கு என்னடி குறை வைச்சனாங்கள்?" என்று அழத் தொடங்கினார். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவர் சாப்பாட்டை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

"நல்ல செய்தி எண்டு என்னட்டச் சொன்னனீ" என்றார்.

"ஓம் அப்பா."

கை கழுவினார். வேறு சட்டை மாற்றினார். வெயில் கண்ணைப் பறிக்கிற நேரம். மத்தியானத்துக்கு மூடிய கடைகள் மறுபடி திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "இப்ப எங்கேயப்பா போறியள்?" என்று அம்மா கேட்டார். "பெட்டி நம்பர் என்ரது. நான்தான் போகவேணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார். முதுகெல்லாம் வியர்வை. மூடிய கடையின் வாசலில், அவளுடைய அப்பா வந்து திறக்கிற வரைக்கும் நின்றிருக்கிறார். "என்ன சொன்னவர்?" என்று அம்மா கேட்டதற்கு, "இருக்கச் சொல்லித் தேத்தண்ணி தந்தவர். நான் மன்னிப்புக் கேட்டனான். அவர் என்ர கையைப் பிடிச்சவர்" என்றார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அந்த விடுமுறை முழுதும் சொல்லவில்லை. தேவையானதை மட்டும் பேசினார். நீலக்கோடு சட்டையை அதற்குப் பிறகு அவர் போடவில்லை. அம்மா அதை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

அவளுக்கு எழுதினேன். மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் நடந்ததை மட்டும் பதினைந்து வரியில் எழுதினேன். ஏன் செய்தேன் என்பதற்கு ஒரு வரி. மன்னித்துக்கொள் என்று எழுதவில்லை. கேட்க வாய் வரவில்லை.

பதில் மதராஸுக்கு, புரட்டாதியில் வந்தது. 'எனக்குத் தெரியும்' என்று தொடங்கியிருந்தாள். 'அந்தப் பெட்டை கேட்ட நிமிசமே தெரியும். ரெண்டு கடிதமும் உன்ர கையால போனது. ரெண்டும் தவறாது. அப்பாவிட்டக் கேட்டது, நீ இல்லை, தபால்தான் எண்டு அவராவது சொல்லமாட்டாரோ எண்டுதான். கோடை முழுக்க உன்னோட கோவிச்சு முடிஞ்சுது. நீ எழுதுவியோ எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். எழுதிப்போட்டாய். அதுக்கு நன்றி. ஆனா பழையபடி இருப்பம் எண்டு என்னைக் கேளாதே. என்னால ஏலாது.' அடியில், அந்தப் பெண்ணின் அறையில்தான் இருப்பதாகவும், முதல் வெள்ளிக்கிழமை அத்தனை குரல்கள் ஒரேயடியாக எழும்பியபோது பாட முடியாமல் வெளியே போய் நின்றதாகவும் எழுதியிருந்தாள்.

நான் பதில் போடவில்லை. கேளாதே என்றவளிடம் வேறென்ன எழுதுவது?

அடுத்த வருடம், எண்பத்தொன்பது மார்கழி விடுமுறையில், கடைத்தெருவில் அவளைக் கண்டேன். கூடவே ஒரு அமெரிக்கப் பெண், கழுத்தில் காமராவோடு. விலகிப் போய்விடலாம் என்று திரும்பினேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கிட்ட வந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். குரல் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"எப்பிடி இருக்கிறாய்?"

"இருக்கிறன். நீ?"

"நல்லா இருக்கிறன்." உண்மையாகவே நன்றாக இருந்தாள். அது முகத்தில் தெரிந்தது. "உங்கட அப்பா சுகமோ? எங்கட அப்பா எப்பவும் கேக்கிறவர். ரெண்டு பேரும் இப்ப சில நேரம் ஒண்டாத் தேத்தண்ணி குடிக்கினமாம்."

எனக்கு அது தெரியாது. அப்பா என்னிடம் சொன்னதில்லை.

கூட வந்த பெண் சிரித்துக்கொண்டே யார் என்று கேட்பது போல என்னைப் பார்த்தாள். அந்தக் கடிதத்தை எழுதியவள் இவள்தானோ என்று நினைத்தேன். சிநேகிதி ஒரு நொடி தயங்கினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். எதைச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"பள்ளிக்கூடத்தில என்னோட படிச்சவள்" என்றாள்.

பிறகு போய்வருகிறேன் என்று தலையசைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து நகைக்கடைப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் சொன்னதில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் அம்மா சொல்லிவிட்ட வெங்காயத்தையும் மல்லித்தழையையும் வாங்கிக்கொண்டு குதைபியாவுக்கு நடந்தேன்.